சென்னையிலிருந்து கொழும்பு எவ்வளவு தூரம்?



சென்ற மாதம் எங்கள் தெருவில் வசிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, சென்னையிலிருந்து கொழும்பு எவ்வளவு தூரம்? விமானத்தில் எத்தனை மணி நேரம் ஆகும்?" என்று வினவினார். சிறிய கேள்விதான், ஒரு மூச்சில் விடை கூறிவிடலாம் என்று தோன்றும். ஆயினும் நான் உடனே விடை கூறவில்லை. "தம்பி, எங்கிருந்து எங்கு வரை அளப்பது? எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகின்ற நேரத்தைக் கேட்கிறீர்கள்? எந்த ஊர்க் கடிகாரத்தின்படி?" என்று மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். பதவியிலிருந்து ஓய்வு பெற்றாலும் கேள்வி கேட்பதிலிருந்து இவர் ஓய்வு பெறவில்லை என்று எண்ணியிருப்பார் போலும்.

அவர் சிரித்ததில் பிழையில்லை. ஆனால் அம்மூன்று கேள்விகளுள் ஒன்றைக் கேட்கத் தவறியதால், நான் என் வாழ்வில் திரும்பப் பெற இயலாத ஒன்றை இழந்திருக்கிறேன். அதனை இவ்வுரையின் பிற்பகுதியில் கூறுவேன். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

உங்கள் நிலப்படப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னை நகரம் வட அட்சரேகை 13 பாகை 5 கலையில் இருக்கிறது. பாகையை அறுபது கூறாக்கினால் ஒரு கூறு ஒரு கலை என்பது நீங்கள் அறிந்ததே. கொழும்பு நகரம் வட அட்சரேகை 6 பாகை 56 கலையில் உள்ளது. இவற்றின் வேறுபாடு 6 பாகை 9 கலை. அதாவது 369 கலை. இப்போது தீர்க்கரேகைகளைப் பாருங்கள். சென்னை கிழக்கே 80 பாகை 17 கலை. கொழும்பு 79 பாகை 51 கலை. வேறுபாடு 26 கலைதான். இவ்விரு நகரங்களும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், ஒன்றன் நேர் தெற்கே மற்றொன்றாக அமைந்துள்ளன. மாணவருக்குக் கணக்குக் கற்பிப்பதற்கென்றே அமைந்தவை போல இருக்கின்றன.

அட்சரேகையில் ஒரு கலை தூரம் சென்றால் ஒரு கடல் மைல் சென்றதாகக் கொள்வது மாலுமிகளின் வழக்கம். ஒரு கடல் மைல் 1852 மீட்டர். ஆயின் பூமி சரியான உருண்டையன்று. துருவங்களில் சற்றே தட்டையானது. அதனால் நம்மைப்போல் நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்வோரிடத்தில் ஒரு கலையின் நீளம் சிறிது குறைந்து 1843 மீட்டர் அளவில் நிற்கிறது. 369ஐ இதனால் பெருக்கினால் 680 கிலோமீட்டர் வரும். கிழக்கு மேற்கு வேறுபாடான 26 கலைக்கு ஏறத்தாழ 47 கிலோமீட்டர். செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள் தெரிந்தால் கர்ணத்தைக் காணும் முறையை நீங்கள் படித்திருக்கிறீர்கள். 680இன் வர்க்கத்தோடு 47இன் வர்க்கத்தைக் கூட்டி, வர்க்கமூலம் கண்டு பாருங்கள். விடை 682க்குள் அடங்கிவிடும். அந்த 47 கிலோமீட்டர் மொத்தத் தூரத்தில் இரண்டு கிலோமீட்டரைக்கூட முழுமையாகச் சேர்க்கவில்லை. பயணத் திசைக்குக் குறுக்கே உள்ள சிறு விலகல் நீளத்தை மிகச் சிறிதே கூட்டும் என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆக, நகரத்திலிருந்து நகரத்திற்கு நேர்த்தூரம் ஏறத்தாழ 680 கிலோமீட்டர். முற்காலத்து அளவையில் 420 மைலுக்குச் சற்று மேல்.

ஆனால் விமானம் சென்னைக் கோட்டையிலிருந்து புறப்பட்டுக் கொழும்புக் காலிமுகத் திடலில் இறங்குவதில்லை. சென்னையின் தெற்குப் புறத்தே மீனம்பாக்கத்தில் எழுந்து, கொழும்புக்கு வடக்கே முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் கட்டுநாயக்காவில் இறங்குகிறது. மீனம்பாக்கம் 12 பாகை 59 கலை. கட்டுநாயக்கா 7 பாகை 11 கலை. வேறுபாடு 348 கலை. முன்போலவே பெருக்கினால் 640 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. வானத்தில் மிச்சமான அந்த நாற்பது கிலோமீட்டரைப் பயணி இரு புறமும் சாலையில் கடந்தாக வேண்டும். "எங்கிருந்து எங்கு வரை?" என்னும் முதற் கேள்வியின் பொருள் இதுவே.

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். இன்றைய ஜெட் விமானம் உயரத்தில் நேராகப் பறக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 800 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. 640ஐ 800ஆல் வகுத்தால் 48 நிமிடம். ஆனால் விமானக் கால அட்டவணையில் ஒரு மணி இருபது நிமிடம் என்றோ, ஒன்றரை மணி என்றோ போட்டிருப்பதைக் காண்பீர்கள். அட்டவணை பொய் சொல்லுகிறதா? இல்லை, அது வேறொன்றை அளக்கிறது.

அட்டவணையின் நேரம் விமானம் தரையை விட்டு எழும்பும்போது தொடங்குவதன்று. நின்ற இடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்கிய நொடி முதல், மறு நிலையத்தில் தனக்குரிய இடத்தில் வந்து நிற்கும் நொடி வரை உள்ள நேரத்தையே அது குறிக்கிறது. நகர்ந்த விமானம் ஓடுபாதையின் முனைக்கு மெல்ல ஊர்ந்து செல்ல வேண்டும். முன்னே உள்ள விமானங்கள் எழும்பும்வரை காத்திருக்க வேண்டும். எழும்பிய பின்னும் உடனே முழு வேகம் கிடைத்துவிடாது. பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தை எட்டுவதற்கு இருபது நிமிடம் வரை ஏறிக்கொண்டே செல்ல வேண்டும். தாழ்ந்த உயரங்களில் வேகத்தை மட்டுப்படுத்திச் செல்லுவது விதி. இறங்குவதும் அவ்வாறே. கட்டுநாயக்காவிற்கு ஏறக்குறைய 180 கிலோமீட்டர் இருக்கும்போதே விமானம் தாழத் தொடங்கிவிடும். ஆகவே 640 கிலோமீட்டரில் ஏற்றமும் இறக்கமும் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. நடுவே எஞ்சிய சிறு பகுதியில்தான் அந்த 800 கிலோமீட்டர் வேகம் செல்லுபடியாகும்.

நகரப் பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் பேருந்தை நினைத்துப் பாருங்கள். நெடுஞ்சாலையில் அது எவ்வளவு விரைந்து ஓடினாலும், ஊரை விட்டு வெளியேறவும் அடுத்த ஊருக்குள் நுழையவும் ஆகும் நேரம் ஓட்டுநரின் திறமையால் குறைவதில்லை. பயணம் நீண்டதாயின் அந்த நேரம் கண்ணுக்குத் தெரியாது; குறுகியதாயின் அதுவே பெரும்பங்காகிவிடும்.

இதனைத் தெளிவாக்கும் மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. சென்னைக்கும் யாழ்ப்பாணத்திற்கும் இடையே 2019ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் விமானப் போக்குவரத்துத் தொடங்கிற்று. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச்சில் அது நின்று, 2022 டிசம்பர் 12ஆம் நாள் மீண்டும் தொடங்கியது. யாழ்ப்பாணத்து விமான நிலையமாகிய பலாலி 9 பாகை 47 கலையில் உள்ளது. மீனம்பாக்கத்திலிருந்து 192 கலை. அதாவது 354 கிலோமீட்டர். கொழும்புத் தூரத்தில் பாதிக்குச் சற்றே கூடுதல். ஆயினும் அட்டவணையில் பயண நேரம் பாதியாகக் குறையவில்லை. ஒன்றேகால் மணியளவு ஆகிறது. காரணம் என்ன? அவ்வழியில் செல்வது சுழலும் விசிறிகளால் உந்தப்படும் ஏ.டி.ஆர். வகை விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவே. அத்துடன், தரையில் ஊர்வதும் ஏறுவதும் இறங்குவதும் அதற்கும் உண்டு. தூரம் ஏறத்தாழப் பாதியாகியும் நேரம் பாதியாகாத காரணம் இப்போது விளங்கும்.

காற்றைப் பற்றி ஒரு சொல். கிழக்கு மேற்காகச் செல்லும் நெடும் பயணங்களில், போகும் நேரமும் வரும் நேரமும் வேறுபடும். டெல்லியிலிருந்து லண்டனுக்குப் போவதைவிட, அங்கிருந்து திரும்புவது விரைவு. உயர்வானில் மேற்கிலிருந்து வீசும் காற்று திரும்பும் விமானத்தைப் பின்னிருந்து தள்ளுகிறது. சென்னை கொழும்புப் பயணம் வடக்குத் தெற்கானது. உயர்வானக் காற்று பெரும்பாலும் குறுக்கே வீசுவதால், போகவும் வரவும் ஏறக்குறைய ஒரே நேரம் ஆகிறது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிறிது நேரத்தில் பயன்படும்.

இவ்விரு நகரங்களுக்கும் இடையே உள்ள நிலமும் கடலும் என் தாத்தா காலத்தில் இருந்தவாறே இன்றும் உள்ளன. ஆனால் நேரம் எவ்வளவு மாறிவிட்டது! 1914ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது 'போட் மெயில்' என்னும் ரயில் தனுஷ்கோடி வரை ஓடலாயிற்று. சென்னை எழும்பூரில் மாலையில் ஏறியவர் மறுநாள் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னாரை அடைந்து, அங்கே மற்றொரு ரயிலில் ஏறி, அதற்கடுத்த நாட்காலை கொழும்பைக் காண்பார். இரண்டு இரவும் இடையே ஒரு பகலும். 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் 'ஏர் சிலோன்' நிறுவனத்தின் டக்கோட்டா விமானம் கொழும்பின் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறையில் தங்கிச் சென்னைக்கு வந்தது. மணிக்கு 270 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் வானில் மட்டும் இரண்டரை மணி நேரம். இடையில் தங்கிய நேரம் வேறு. இன்று வானில் இருப்பது ஒரு மணியை ஒட்டியே.

1964ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின்னர்க் கப்பல் இராமேசுவரத்திலிருந்து சென்று வந்தது. அந்தக் கப்பலில் வந்தவர்களுள் நானும் ஒருவன். என் தந்தையார் கம்பளைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளி. 1964ஆம் ஆண்டில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, மலையகத்துத் தமிழர்களில் ஒரு பகுதியினர் இந்தியாவுக்கும், மற்றொரு பகுதியினர் இலங்கைக்கும் உரியவர் ஆயினர். என் பெற்றோருக்கும் எனக்கும் இந்தியா. திருமணமாகியிருந்த என் தமக்கைக்கும் அவர் கணவருக்கும் இலங்கை. 1972ஆம் ஆண்டு, எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, தலைமன்னாரில் கப்பல் ஏறினோம். அக்காள் ரயிலடி வரை வந்து நின்றார். "முப்பது கல் தொலைவுகூட இல்லாத கடல்தானே அம்மா, வந்து போவோம்" என்று தந்தையார் அவரிடம் கூறியது என் நினைவில் இருக்கிறது. தந்தையார் அதன் பின் அக்காளைப் பார்க்கவில்லை. கடல் அகலமானதால் அன்று. கடவுச்சீட்டும் பணமும் கலவரங்களும் குறுக்கே நின்றதனால்.

இனி மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். எந்த ஊர்க் கடிகாரம்?

2001ஆம் ஆண்டு ஒரு நாள் நான் பணியாற்றிய பள்ளிக்குத் தொலைபேசிச் செய்தி வந்தது. தமக்கையின் கணவர் காலமாகிவிட்டார். "நாளை மாலை நான்கு மணிக்கு எடுக்கிறோம், தம்பி வந்தால் போதும்" என்று சொல்லியிருந்தார்கள். மறுநாட் காலை சென்னையில் விமானம் ஏறினேன். பயணச்சீட்டில், புறப்படும் நேரம் ஒன்பதரை, சேரும் நேரம் பதினொன்று இருபது என்று அச்சிட்டிருந்தது. ஒன்று ஐம்பது மணிப் பயணம் என்று மனத்தில் குறித்துக்கொண்டேன். விமானம் கட்டுநாயக்காவில் நின்றபோது என் கைக்கடிகாரத்தில் பத்து ஐம்பது. அரை மணி முன்னதாகவே வந்துவிட்டோம் என்று ஆறுதல் கொண்டேன்.

இருபது ஆண்டுகளாகப் பூகோளம் கற்பித்தவன் நான். ஒரு தீர்க்கரேகைக்கு நான்கு நிமிடம் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன். சென்னையும் கொழும்பும் 26 கலைதான் வேறுபடுகின்றன. சூரியக் கணக்கில் இரண்டு நிமிடம்கூட இல்லை. ஆகையால் இரண்டுக்கும் ஒரே நேரம் என்று எண்ணி, அதைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது அப்படித்தான் இருந்தது. ஆனால் கடிகாரத்தை வைப்பது சூரியன் மட்டும் அன்று, அரசாங்கமும்தான். 1996ஆம் ஆண்டு மழை பொய்த்து, நீர்மின்சாரம் குறைந்தபோது, மாலை வெளிச்சத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் பொருட்டு இலங்கை அரசு கடிகாரத்தை முதலில் ஒரு மணி முன்னே தள்ளியது. அவ்வாண்டு அக்டோபரில் அதனை அரை மணியாகக் குறைத்தது. அந்த அரை மணி வேறுபாடு 2006ஆம் ஆண்டு ஏப்ரல் வரை நீடித்தது.

வண்டியில் மலையேறினேன். நேரம் இருக்கிறது என்ற நினைவில் பேராதனையில் இறங்கித் தேநீர் அருந்தினேன். மாலை ஒன்று கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டேன். லயத்து வாசலை அடைந்தபோது என் கடிகாரம் சரியாக நான்கு காட்டியது. என் கணக்கின்படி நான் குறித்த நேரத்திற்கு வந்துவிட்டேன். அங்கே நான்கரை. பத்து நிமிடம் எனக்காகக் காத்திருந்து, மழை வருவது கண்டு எடுத்துவிட்டார்கள். மாலையோடு மேட்டுக்கு ஓடினேன். மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் அத்தானின் முகத்தைப் பார்க்கச் சென்றவன், பாராமலே திரும்பினேன். அக்காள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. என் கையைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்து, "இது அந்த ஊர் நேரமா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கடிகாரத்தின்படியும், சேரும் நேரம் சேரும் ஊர்க் கடிகாரத்தின்படியும் அச்சிடப்படும். இது உலகெங்கும் உள்ள வழக்கம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் பயண நேரம் வந்துவிடாது. என் சீட்டிலேயே விடை இருந்தது. திரும்பும் பயணத்தையும் சேர்த்துப் பார்த்திருந்தால் கண்டிருப்பேன். திரும்பும் விமானம் ஒரு மணிக்குப் புறப்பட்டு ஒன்று ஐம்பதுக்குச் சேர்வதாக அதில் இருந்தது. போவதற்கு 110 நிமிடம். வருவதற்கு 50 நிமிடம். ஒரே வழியில் இப்படி நேருமா? வடக்குத் தெற்குப் பயணத்தில் காற்று இவ்வளவு வேறுபாடு செய்யாது. ஆகவே இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 80 நிமிடம். அதுவே மெய்யான பயண நேரம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து இரண்டால் வகுத்தால் 30 நிமிடம். அதுவே இரு நாட்டுக் கடிகாரங்களின் வேறுபாடு. அந்த அரை மணி என் சட்டைப் பையிலேயே இருந்தது.

இன்று இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம். ஆனால் நம் மற்ற அண்டை நாடுகளைப் பாருங்கள். நேபாளம் நமக்குக் கால் மணி முந்தியது. வங்காளதேசம் அரை மணி முந்தியது. மாலத்தீவு அரை மணி பிந்தியது. டெல்லியிலிருந்து காட்மாண்டுவுக்குப் போகும் நண்பருக்கு நேரம் கணக்கிட்டுச் சொல்லும்போது, அந்தக் கால் மணியை மறவாதீர்கள்.

மற்றொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு விமானத்திற்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்குமாறு கூறுகிறார்கள். வீட்டிலிருந்து அங்குச் செல்லும் நேரம், கடவுச்சீட்டுச் சோதனை, இறங்கிய பின் சாலைப் பயணம் ஆகிய எல்லாவற்றையும் கூட்டினால், விமானத்தில் அமர்ந்திருக்கும் ஒன்றே கால் மணி மொத்தத்தில் சிறு பங்கே. ஒருவர் தம் உறவினரை எப்போது காண்பார் என்பதற்கு விடை விமான நேரமன்று. வாசலிலிருந்து வாசல் வரை ஆகும் நேரம்.

அந்தக் கல்லூரி மாணவருக்கு இவற்றையெல்லாம் சொன்ன பிறகு, "ஏன் கொழும்புக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். அவருடைய பாட்டி அங்கே நோயுற்றிருக்கிறாராம். "அப்படியானால் கணக்கில் ஒரு மணி கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள், வழியில் தேநீருக்கு இறங்க வேண்டாம்" என்றேன். இம்முறை அவர் சிரிக்கவில்லை.

இன்று மாலை உங்கள் நிலப்படத்தில் அண்டை நாட்டு நகரங்கள் இரண்டை எடுத்துக்கொண்டு, அட்சரேகை தீர்க்கரேகைகளிலிருந்து தூரத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு விமான அட்டவணையில் போகவும் வரவும் உள்ள நேரங்களைப் பார்த்து, கடிகார வேறுபாடு உண்டா என்று சோதியுங்கள். எங்கிருந்து எங்கு வரை, எப்போது தொடங்கி எப்போது வரை, எந்தக் கடிகாரத்தில் என்னும் மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள். அக்காளுக்கு இப்போது எழுபது வயது கடந்துவிட்டது. வரும் சித்திரையில் அவரைப் பார்க்கப் போகிறேன். இரண்டு நாடுகளுக்கும் இன்று ஒரே நேரந்தான். எனினும் புறப்படுமுன் கேட்டுத் தெரிந்துகொண்டேதான் போவேன்.